வாழ்நாள் சான்று

பேரணாம்பட்டில் ஒரு தொடக்கப்பள்ளியின்
மூன்றாம் வகுப்பறையை
மூன்று நாளைக்குக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.
தலைமையாசிரியை மறுக்கவில்லை.
"மொத்தமே பதினோரு பிள்ளைகள்,
வராண்டாவில் உட்கார வைத்துக்கொள்கிறேன்."

உள்ளே இருநூற்று நாற்பது டோக்கன்.
எல்லா பென்ஷனுக்கும் ஒரே கருவி,
ஒரே ஆள், நான்.

குட்டை பெஞ்சில் முழங்கால் மடங்காமல்
காலை நீட்டிக் காத்திருக்கிறார்கள்,
வாய்பாடு ஒட்டிய சுவரில் சாய்ந்து.
தோல் ஷாப் வாடை ஜன்னல் வரை வந்து நிற்கிறது.

அறுபத்தேழு. கவுசர் பீ.
ஐம்பது வருடம் பீடி சுற்றிய விரல்.
ரேகை இலையோடு போய்விட்டது.
துடைத்து வைக்கிறார், ஊதி வைக்கிறார்,
யாரோ தந்த தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கிறார்.
சிவப்பு. சிவப்பு.
ஆயிரத்து இருநூறு ரூபாய்
அந்த விளக்குக்குப் பின்னால் இருக்கிறது.
கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அம்மா,
விரல் ஆறட்டும்.

அறுபத்தெட்டு. தெய்வசிகாமணி, மின்வாரியம்.
முதல் தடவையே பச்சை.
நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
என் கண் அந்தத் தொகையில் நின்றதை
அவர் பார்த்துவிட்டார்.
"பேத்திக்கு காலேஜ் ஃபீஸ் யார் கட்டுறது?
பையனை ஷூ கம்பெனியில
ஆர்டர் இல்லைன்னு அனுப்பிட்டாங்க."
நான் ஒன்றும் கேட்கவில்லையே சார்.

இவர் நட்ட கம்பத்தில்தான்
எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. தெரியும்.
நான் வாங்கும் சோப்பிலும் ஒரு துளி
இவர் வீட்டுக்குப் போகிறது. போகட்டும்.
எனக்கு முப்பத்தொன்பது.
ஏஜென்சி வழியாகப் பதினோராயிரம், அதிலும் பிடித்தம்.
எந்தக் கணக்கில் ஏறுகிறது என்றால்
வேலூரில் கேள் என்கிறார்கள்.
வேலூரில், சென்னையில் கேள்.

என் விரல் தேயும்போது
இந்தக் கருவிக்கு இந்தப் பக்கம் யார் இருப்பார்?
வராண்டாவில் இருப்பவர்களை எண்ணினேன்.
ஆளுக்கு எத்தனை பேர் என்று வகுக்கப் பார்த்தேன்.
சுவரில் பதினாறாம் வாய்பாடு வரைதான் இருந்தது.

கதவோரம் ஒரு பையன்,
கையில் சிலேட் இல்லை, டப்பா மட்டும்.
"மிஸ், எங்க கிளாஸ எப்ப திருப்பித் தருவீங்க?"

பெஞ்சுகள் எல்லாம் ஒருசேரக் கிரீச்சிட்டன.
எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.
கவுசர் பீ மட்டும்
எப்போது எழுந்து வந்தாரோ,
கண்ணாடியில் கட்டைவிரலை அழுத்தியபடி
விளக்கையே பார்த்திருந்தார்.