நாற்பது மில்லி

பதினோரு வருடமாக சலவன்பேட்டையில்
வால்வு திறப்பவன் நான்.
சம்பளச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.
உண்மையில் மூடுகிறவன்.
பாலாறு மணலாகிப் போய்
மணலும் லாரியேறிப் போன ஊரில்
தண்ணீர் விடுவதென்றால்
இந்தத் தெருவை அடைத்து அந்தத் தெருவுக்கு விடுவது,
வேறென்ன.

கத்திரி வெயில் பத்தாம் நாள்.
கொசப்பேட்டை முனையில் பழைய வால்வுக் குழி,
பன்னிரண்டு அடி,
மூடி திறந்து ஆறு மாதம்.
நாற்றமே இல்லை. அதில்தான் ஏமாந்தேன்.
துருப்பிடிக்கிற இரும்பு
காற்றில் உள்ள உயிரைத் தின்றுவிடும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.
ஏணியில் ஏழாவது படி வரை நினைவிருக்கிறது.
மேலே ஏகாம்பரம்
தீப்பெட்டிக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் என் உடம்புக்குள் நடந்தது
டாக்டர் ஜெசிந்தா சொல்லித்தான் தெரியும்.

தாடைக்குக் கீழே, நாடி இரண்டாகக் கிளைக்கிற இடத்தில்
பக்கத்துக்கு ஒன்றாய், அரிசி அளவில்
காவல் இருக்கிறதாம்.
ஓடும் ரத்தத்தை ருசி பார்ப்பதே அதற்கு வேலை.
காற்று செத்த ரத்தம் நாவில் பட்டதும்
பிடரிக்குள்ளே முகுளத்துக்குத் தகவல் போனது.
முகுளம் என்னைக் கேட்கவில்லை.
கவுன்சிலர் போனுக்கும் காத்திருக்கவில்லை.
தண்டுவடத்து நரம்புகளை ஏவி
திருகத் தொடங்கியது:
தோல், கைகால்,
காலையில் தின்ற இட்லியோடு குடல்,
அப்புறம் சிறுநீரகம்.
தலைக்கும் நெஞ்சுக்கும் போகிற லைன் மட்டும்
அகலத் திறந்தபடி.
இதயம் முதலில் தலைதெறிக்க ஓடியிருக்கும் என்றார்,
கையிருப்பு தீரத் தீர
நடந்திருக்கும்.

ஏகாம்பரம் குழிக்குள் இறங்கவில்லை.
அந்த வெட்கத்தில் இன்னும் என் முகம் பார்க்க மாட்டேன் என்கிறான்.
இறங்கியிருந்தால் பாடை இரண்டு, மடையா.

முகமூடி போட்டு இறங்கிய தீயணைப்புக்காரர்
என்னை மேலே கிடத்தியதும்
இவன் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து
"போயிட்டான்" என்று அலறினானாம்.
கை என்கிற தெருவில் தண்ணீர் நின்றிருந்தது, அவ்வளவுதான்.
தீயணைப்புக்காரர் கழுத்தில் விரல் வைத்தார்.
மெயின் லைன்
ஓடிக்கொண்டிருந்தது.

கண் விழித்தேன். பேர் சொன்னேன். ஊர் சொன்னேன்.
மூத்திரம் மட்டும் வரவில்லை.
ஒரு நாள். இரண்டு நாள்.
கட்டிலோரம் காலிப் பை தொங்கியது.
"அடைச்சதாலதான் பொழச்சீங்க" என்றார் டாக்டர்.
"அடைச்சது திறக்கணும். இப்ப அதுதான் கவலை."

தவமணியை நினைத்துக்கொண்டேன்.
மூன்றாம் தெருக் கடைசி வீடு.
போன கோடையில் ஒன்பதாம் நாளாகக் குழாய் வறண்டபோது
என்மேல் காலிக் குடத்தை வீசினவள்.
"ஆஸ்பத்திரி லைனுக்கு விட்டிருக்கேம்மா" என்றேன்.
பொய்யில்லை.
ஆனால் திரும்ப எப்போது திறப்பேன் என்று
அவள் கேட்டதற்கு
சைக்கிளை மிதித்துவிட்டேன்.

நெடுநாள் மூடிய தெருவில்
வால்வைத் திருப்பிய உடனே தண்ணீர் வந்துவிடாது.
குழாய் முதலில் காற்றைச் சீறும்,
பிறகு கொஞ்சம் துரு துப்பும்,
ஊரே காதைக் கொடுத்து நிற்கும்.

மூன்றாம் நாள் விடியலில்
நர்ஸ் பையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.
கடுந்தேநீர் நிறத்தில், அடியில் கொஞ்சம்.
"நாற்பது மில்லி" என்று
லாட்டரி விழுந்தவள் போலச் சிரித்து
நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தவமணியிடம் போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது.
என்னவென்று சொல்வது,
அதுதான் தெரியவில்லை.