ஜாடி எண் நாற்பத்தேழு

நோய்களுக்குப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும்
பசியோடு இருந்த வெள்ளைக்காரர்கள் என்பது
இருதயமேரி மேடத்தின் துணிபு.
பாருங்களேன்,
ஈரலுக்கு ஜாதிக்காய், பித்தப்பைக்கு ஸ்ட்ராபெரி,
சீழுக்கு ஆங்கோவி சாஸ்,
இதயத்தின் உறைக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி.
காலை எட்டு மணி பேத்தாலஜி வகுப்பில்
மெஸ் பொங்கல் தொண்டையைத் தாண்டாமல் நிற்க
இதையெல்லாம் எழுதிக்கொள்வோம்.

"ஆங்கோவிய எவனாவது பார்த்திருக்கீங்களா?"
நூற்றைம்பது பேரில் ஒரு கை எழவில்லை.
மறுநாள் காசிமேட்டிலிருந்து வரும் வழியில் வாங்கிய
அரைக் கிலோ நெத்திலியை
மேசைமேல் கொட்டினார்.
"இதான்டா அது. அரைச்சுக் கரைச்சா
அமீபா ஈரல்ல வெக்கிற சீழு. எழுதிக்கோ."
எழுதிக்கொண்டோம்.
லெக்சர் ஹால் ஏசி நான்கு நாள் அதையே மூச்சுவிட்டது.
நெத்திலி என்னவோ மதியமே
அட்டெண்டர் டில்லிபாபு வீட்டுக் குழம்புக்குப் போய்விட்டது.

இதய உறை அழற்சிக்கு
எதிர்க்கடை பன் பட்டர் ஜாம் வந்தது.
இரண்டு பாதியையும் மெல்லப் பிரித்து,
"இழுக்குது பார், நார் நாரா.
ஜாமப் பார்க்காத. ஜாம் இந்த நோயில கிடையாது."
பாடம் முடியுமுன் ஆதாரத்தைத் தின்றுவிட்டார்.

மேப்பிள் பாகு மணக்கும் மூத்திரத்தைக்
கருப்பட்டிப் பாகு என்று திருத்தச் சொன்னார்.
ஜவ்வரிசி மண்ணீரலுக்கு மட்டும்
"இது ஒண்ணு நம்மளக் கேட்டு வெச்சிருக்கான்" என்று
முகம் தெரியாத எவனுக்கோ நன்றி சொன்னார்.
பெயரில்தான் இருதயம்.
அவருக்குப் பிரியம் மண்ணீரல்மேல்.
"எவனும் கவிதை எழுதாத உறுப்புடா, பாவம்."

காலரா என்றால் அரிசி கழுவிய நீர்
என்று நான் வாசித்தபோது கை உயர்த்தி நிறுத்தினார்.
"புழுங்கலா, பச்சையா?"
முழித்தேன்.
"அரிசி களையத் தெரியாதவன்லாம் டாக்டராகி..."
அந்த வாக்கியத்தை
அவர் ஒருநாளும் முடித்ததில்லை.

பிறகு வைவா.
சண்டிகரிலிருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல்
ஜாடி எண் நாற்பத்தேழை என் பக்கம் நகர்த்தினார்.
காசநோய் தின்ற நிணநீர் முடிச்சு.
தெரியும். நன்றாகத் தெரியும்.
மஞ்சளாக, பொலபொலவென்று,
தொட்டால் உதிரும் என்று.
சீஸ் என்ற ஒரு சொல்லைத் தவிர
உலகத்தின் எல்லாச் சொற்களும் வந்து எட்டிப்பார்த்துப் போயின.
"வடகறி, சார்."
"வாட்?"
"சைதாப்பேட்டை வடகறி, சார்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.
முந்தானையில் துடைத்தார்.
மாட்டிக்கொண்டு, ஃபார்மலினில் ஊறிய முகத்தோடு சொன்னார்:
"ரீஜினல் வேரியன்ட், டாக்டர் பிந்த்ரா."
அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.
பாஸ் மார்க்குக்கு மேல் மூன்று.
மதியம் அவருக்கு இட்லியோடு அதையே வைத்ததாகவும்
மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகவும்
டில்லிபாபு சொன்னதில்
இரண்டு முறையை நம்புகிறேன்.

இப்போது ஹவுஸ் சர்ஜன். இரவு இரண்டரை, காஷுவால்ட்டி.
கொருக்குப்பேட்டை லோடுமேன் ஒருவர்
வயிற்றைப் பிடித்தபடி பெஞ்சில் சாய்கிறார்.
"ரெண்டு தபா வாந்தி சார். காபித்தூள் கணக்கா."
உள்ளே எங்கோ ரத்தம்.
ஊசி குத்தி, டியூப் எடுத்து, டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டு
கை தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்க
வாய் மட்டும் வேறு யாருடையதோ:
"பில்டரா, இன்ஸ்டன்டா?"

அவர் நிஜமாகவே யோசித்தார்.
அதற்குள் அவர் மனைவி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு
பாதிப் படி இறங்கியிருந்தார்.
"தோ வாங்கியாறேன் டாக்டரே.
சக்கர தூக்கலா?"