பேன்சீப்பு

கெஸ்ட் ஹவுஸ் லானில்
மேலே பார்த்தால் பச்சை, மிதித்தால் மெத்தை.
இன்ஜினியர் வீட்டுப் பிள்ளைகள்
செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்கிறார்கள்.

மெத்தையாவது ஒன்றாவது.
வெட்ட வெட்ட விழுந்தது, நின்றபடி செத்தது எல்லாம்
பின்னிப் பின்னிப் பாயாகிக் கிடக்கிறது.
ட்யூபைத் திறந்தால் தண்ணீர்
ரெயின்கோட்டில் வழிவதுபோல் வழிந்து
ஓரத்துக் கால்வாய்க்குப் போகிறது.
மண்ணுக்கு ஒரு வாய் கிடையாது.

மாசிக் கடைசியில் இரும்பு வாரி கொடுத்தார்கள்.
பதினாலு பல், இரண்டு வளைந்தது.
பிடிக்கு சைக்கிள் ட்யூப் சுற்றிக்கொண்டேன்.

காலையில் கத்திவாக்கத்தில்
பிளெஸ்ஸியை முழங்காலுக்கிடையில் உட்காரவைத்து
பேன்சீப்பு போட்ட அதே கை.
அவள் "ஆ, மெதுவாம்மா" என்பாள்.
புல் ஒன்றும் சொல்வதில்லை.
கிர்ரக். கிர்ரக்.

ஆழமாய்ப் போட்டால் உயிர்வேர் வரும்.
மேலாகப் போட்டால் வழுக்கும்.
கோமளா முதல் நாள்
புருஷன்மேல் இருந்த ஆத்திரத்தில் இழுத்து
ஒரு தட்டகலம் பச்சையைப் பிடுங்கிவிட்டு
சுற்றும் முற்றும் பார்த்து
திரும்ப வைத்து மிதித்தாள்.

செத்த புல்லோடு வந்தன
இறகுப்பந்தின் இறகு,
கேக்கில் குத்தும் மெழுகுவர்த்தி,
அப்புறம் சாம்பல்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
போன மழைக்கு இறுகித் தட்டுத்தட்டாய்.
எங்கள் மாடிக் கொடித்துணியில் உட்காருகிற அதே சாம்பல்
இங்கே ஏசி ஓடும் வீட்டு வாசலிலும்
யாரையும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறது.
எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

மதியம் ஜெயசீலன் சார் வந்தார்.
"இன்னாம்மா இது,
சொறி நாய் மாதிரி ஆக்கி வெச்சிருக்க!
வெள்ளிக்கிழமை டெல்லிலேர்ந்து வராங்க.
பச்சை எங்க?"

கட்டி வைத்த பதினேழு மூட்டையைக் காட்டினேன்.
"அவுத்துப் பாருங்க சார்,
ஒரு பச்சை இருந்தா
சம்பளத்துல புடிச்சுக்கோங்க."
அதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது.

கட்டைவிரல் அடியில் கொப்புளம் உடைந்து எரிந்தது.
குடித்ததுபோக பாட்டிலில் அரைவாசி மிச்சம்.
சார் சொன்ன சொறியின்மேல் கவிழ்த்தேன்.

நிற்கவில்லை.
நுரைத்து, ஒரு சின்னச் சத்தத்தோடு
உள்ளே போனது.

காதை வைத்துக் கேட்கலாம்தான்,
பால்கனியில் ஆள் நிற்கிறார்கள்.
குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல்
கொஞ்ச நேரம் இருந்தேன்.