ஐம்பத்தொரு சதவீதம்

லேமிங்டன் ரோட்டில் கட்டைவிரல் நகமளவு
மைக் ஒன்று வாங்கினேன்.
நானூற்றைம்பது என்றான், முன்னூற்றிருபதுக்கு இறங்கினான்.
மழைக்குப் பயந்து மராத்திப் பேப்பரில் மடித்து,
அதற்கு மேல் ஒரு பால் கவரில் போட்டுத் தந்தான்.
இந்த வாரம் இப்படித்தான் தொடங்கியது.

படிக்க எடுத்தது ஒலி அலைகளைப் பற்றிய தடிப் புத்தகம்.
அறுபத்தோராம் பக்கத்தில் மூன்று மாதமாக நிற்கிறேன்.
பார்த்தது, பழைய கீபோர்டுகளைக் கழற்றிக் கழுவும்
ஒரு போலந்துக்காரனை.
ஒன்றரை மடங்கு வேகத்தில்
அவன் பெருமூச்சுகூட அவசரமாக வரும்.
புதிதாக ஒரு குறிப்புச் செயலி.
பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றவே
செவ்வாய் தீர்ந்துபோனது.
மாற்றி முடித்துப் பார்த்தால் அத்தனையும்
எந்தச் செயலி நல்லது என்று
எனக்கு நானே எழுதிக்கொண்ட குறிப்புகள்.

மைக்கை மடிக்கணினியில் செருகி
பேச்சை எழுத்தாக்கும் கருவியை ஓட்டினேன்.
தமிழ் தெரியும் என்றது.
வெளியே மழை பெய்கிறது என்றேன்.
வெளியே மலை பெய்கிறது என்று எழுதியது.
அன்று ஹிந்த்மாதாவில் இடுப்பளவு மலை.
அப்பா பெயர் தாழைமுத்து என்றேன்.
தலை மொத்தம் என்றது.
போகட்டும். எங்கள் ஆபீசில்
பத்து வருடமாக அவரை வேறெப்படியோ எழுதுகிறார்கள்.

ஒரு குணம் மட்டும் விசித்திரம்.
யாரும் பேசாதபோது சும்மா இருக்கத் தெரியவில்லை அதற்கு.
மௌனத்தைக் கேட்டால்
"பார்த்ததற்கு நன்றி" என்று எழுதிவைக்கிறது.
எத்தனையோ வீடியோக்களின் கடைசி நொடியைத்
தின்று வளர்ந்த பிள்ளை, பாவம்.

புதன் இரவு அணைக்க மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.
எஸ்தருக்கு அன்று நைட் டூட்டி இல்லை.
ஆன்டாப் ஹில்லில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை,
இரண்டு கட்டில், நடுவில் ஒரு ஸ்டூல்,
ஸ்டூலின் மேல் மைக்.

காலையில் எண்ணினேன்.
நூற்றுப்பதினான்கு நன்றி.
நடுவே, மூன்று நாற்பத்திரண்டுக்கு, ஒரு வரி:

"முப்பத்தெட்டாயிரம். இன்னும் தரல."

இந்த மடிக்கணினி மார்ச்சில் வாங்கியது.
அவளுடைய சீட்டுப் பணம்.
ஜூனில் தருகிறேன் என்றிருந்தேன்.
இது ஜூலை.
அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை,
விழித்திருக்கும்போது.

ஃபேன் சத்தத்தை நீக்கும் கருவி ஒன்றை இறக்கினேன்.
ஃபேனோடு சேர்த்து பாதி எஸ்தரையும் நீக்கியது.
இன்னும் பெரிய மாதிரி ஒன்றை ஓட்டினேன்.
நாற்பது நிமிடம், மடியில் தோசைக்கல் சூடு.
கடைசியில் எழுதியது:

"முப்பத்தெட்டாயிரம். இன்னும் ஏறல."

சயான் ஆஸ்பத்திரியில் டெங்கு வார்டு அவளுடையது.
யாரோ ஒருவருக்கு பிளேட்லெட் ஏறவில்லை.
தூக்கத்திலும் அந்தக் கட்டிலருகே நிற்கிறாள்.
அல்லது என் கட்டிலருகே.

எவ்வளவு உறுதி என்று கேட்டேன்.
தரல, ஐம்பத்தொன்று. ஏறல, நாற்பத்தேழு.
மீதி இரண்டு சதவீதம்
பார்த்ததற்கு நன்றி.

ஹெட்ஃபோன் மாட்டி நானே கேட்டேன், முப்பது தடவை.
ஏறல என்று நினைத்துக் கேட்டால் ஏறல.
தரல என்று நினைத்தால் தரல.
அவளிடமே கேட்டுவிடலாம்.
கேட்பதென்றால்
நீ தூங்கும்போது பதிவு செய்தேன்
என்பதில்தான் தொடங்க வேண்டும்.
அதற்கு ஒரு கருவியும் கிடைக்கவில்லை.

வியாழன் காலை குடையோடு வாசலில் நின்று
என்னடி, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு என்றாள்.
கீபோர்டு வீடியோ என்றேன்.

வெள்ளி இரவு. சம்பளத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.
ஐயாயிரம் அனுப்பினேன்.
குறிப்பு எழுதக் கட்டம் ஒன்று திறந்தது.
நான் யோசிப்பதற்குள்
போனே ஒரு சொல்லை எடுத்து நீட்டியது: நன்றி.
அழித்துவிட்டுக் காலியாகவே அனுப்பினேன்.

இரண்டு பத்துக்கு வார்டிலிருந்து பதில்:
"எதுக்குடி இது? தூங்கு."