வெண்ணெய் வாசம்

கேத்தியில் குளிருக்கா பஞ்சம் என்றான் போஜராஜ்.
லாகர் போட ஊரெல்லாம் குளிர்பெட்டி வாங்குகிறார்கள்,
நமக்கு வானமே குளிர்பெட்டி.
முதல் பிழை அது.
அன்றைக்கு அது பிழை மாதிரி இல்லை,
வசதி மாதிரி இருந்தது.

மார்கழிக் கடைசி.
நீர்ப்பனி போய் உறைபனி தொடங்கியிருந்தது.
கேரட் கழுவும் கொட்டகைக்குப் பின்னால்
இருபது லிட்டர் வெள்ளை வாளி,
மேலே சாக்கு, சாக்கின் மேல் தார்ப்பாய்.
யாராவது கேட்டால் பஞ்சகவ்யம்.
ஒருவர் கேட்டார்,
பீன்ஸுக்கு அரை லிட்டர் தருவீர்களா என்றும் கேட்டார்.

மால்ட் தண்ணீரின் இளஞ்சூடு ஆறுமுன்பே
ஈஸ்ட்டைத் தூவினேன். ஒரே பொட்டலம்.
இரண்டு வேண்டும் என்று உறையிலேயே இருந்தது;
விலையைப் படித்தவன் அதைப் படிக்கவில்லை.

பதினோரு மணிக்கு வெயில் வந்து
வாளியின் முதுகில் உட்காரும். இருபத்திரண்டு டிகிரி.
விடியலில் தார்ப்பாய் மேல் வெள்ளைப் பொடி. மூன்று.
உள்ளே அந்தச் சிற்றுயிர்கள்
போர்வையை இழுப்பதும் உதறுவதுமாய்
ஜுரக்காரர்களைப் போலக் கிடந்திருக்கும்.

நாலாம் நாள் அழுகின முட்டை நாற்றம்.
அது வரவேண்டிய நாற்றம்தான்.
தெரியாமல் பயந்து மூடியைத் திறந்தேன்.
மறுநாள் மூடி கொஞ்சம் கோணலாய் இருந்தது,
பூனை என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் சண்டை.
லாரி வாடகை, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்,
பீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.
உன் அப்பன் புத்தி என்றேன்.
மேட்டுப்பாளையம் மண்டியில் எல்லார் முன்பும்
எனக்கு வேலை போன கதையை எடுத்தான் அவன்.
வாளியைத் தனியாளாகத் தூக்கித்
தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். நாற்பது நாள்.

மாசியில் திறந்தால்
அப்படி ஒரு தெளிவு.
கண்ணாடித் தம்ளருக்கு அந்தப் பக்கம்
ரயில் போவது தெரிந்தது.
மூக்கருகே கொண்டுபோனால் வெண்ணெய்.
சினிமாக் கொட்டகைச் சோளப்பொரி.

குன்னூர் பேக்கரி தியோடர் ஒரு வாய் குடித்தான்,
துப்பவில்லை, அவன் மரியாதைக்காரன்.
குளிரில் இறக்குமுன் மூன்று நாள்
வீட்டுக்குள் வைத்தாயா என்று மட்டும் கேட்டான்.
வேலை மும்முரத்தில் ஈஸ்ட் கண்டதையும் உமிழுமாம்.
முடிகிற நேரத்தில் கொஞ்சம் சூடு காட்டினால்
உமிழ்ந்ததைத் தானே திரும்ப விழுங்கிக்கொள்ளுமாம்.
காட்டாமல் குளிரில் தள்ளினால் அப்படியே தூங்கிவிடும்,
சொன்னது சொன்னபடி நிற்கும்.
சொன்னது என்றா சொன்னான்?
எனக்கு அப்படித்தான் கேட்டது.

இனி ஒன்றும் செய்ய முடியாதா?
பொங்குகிற புது வாளியிலிருந்து
ஒரு சொம்பு ஊற்றிப் பார், என்றான்.
சில சமயம் எடுக்கும்.

புது வாளிக்கு மால்ட் இல்லை.
இருட்டியதும் ஒரு பாட்டிலைச் சட்டைக்குள் வைத்து
மேல்தெருவுக்கு ஏறினேன்.
போஜராஜ் மூடியைத் திறந்து முகர்ந்தான்.
எருமை வெண்ணெய், என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
கரண்டி விட்டுக் கலக்கினது நான்தான், என்றான்.
ஆயிரத்து எண்ணூறைப் பற்றி இருவரும் பேசவில்லை.
அடுப்புப் பக்கம் நகர்ந்து இடம் விட்டான்.
குடித்தோம்.
நாக்கில் வழுக்கிக்கொண்டே போனது.