மூவாயிரத்து அறுநூறு

தண்ணீர் இறைக்கப் பிறந்த எஞ்சின் அது.
நூற்றுத் தொண்ணூற்றாறு சிசி,
சிவப்பு மூடி, இழுத்துவிடும் கயிறு.
பழைய இரும்புக் கடையில் கிலோக் கணக்கில் பேரம் பேசி
தராசைப் பற்றி ஒரு சண்டையும் போட்டு
ஸ்கூட்டியின் முன்னால் நிற்க வைத்து ஓட்டிவந்தான்
தம்பி தெய்வசிகாமணி,
எல்கேஜிப் பிள்ளையைக் கூட்டிவருவதுபோல.

பல்லடம் ரோட்டில் எங்கள் பட்டறை.
இடப்பக்கம் விசைத்தறி, வலப்பக்கம் கோழித்தீவனம்.
எங்கள் இருவருக்கும்
மெதுவாகப் பேசத் தெரியாது.

பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன்.
எண்ணெயில் ஊறிய வெள்ளைப் பிளாஸ்டிக் பல்சக்கரம்,
அதன்மேல் துளித் துளியாய் இரண்டு எடைகள்.
கவர்னர்.
நிமிடத்துக்கு மூவாயிரத்து அறுநூறு சுற்று தாண்டினால்
எடைகள் கைவிரிக்கும்,
த்ராட்டில் தானாகச் சாத்திக்கொள்ளும்.
"மொதல்ல இந்தக் கெரகத்தப் புடுங்குக்கா."
பிடுங்கினேன். சட்டைப் பையில் போட்டேன்.

ஹெட்டில் இரண்டு பாயிண்ட் சீவினோம்.
வால்வுக்கு விறைப்பான ஸ்பிரிங்.
ஜெட்டின் துளையை ஊசி ட்ரில்லால்
மூச்சைப் பிடித்துக்கொண்டு பெரிதாக்கினேன்.
சாயப்பட்டறையில் கழித்த நீராவிக் குழாய்
சைலன்சர் ஆயிற்று; பேர்தான் சைலன்சர்.
ஏர் ஃபில்டருக்கு மேலுறை, திருப்பூர் பனியன் வேஸ்ட்,
கிலோ நாற்பது ரூபாய்,
எண்ணெயில் நனைத்துப் பிழிந்தது.
ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தால்
முதல் நாள் சுண்ணாம்பு வெள்ளை,
மூன்றாம் நாள் சுக்குக் காப்பி நிறம்.
அன்றைக்குத்தான் தம்பி பரோட்டா வாங்கித் தந்தான்.

கையில் மிச்சம் பதினோராயிரம்.
ஃப்ளைவீல் வாங்கினால் ராடு இல்லை,
ராடு வாங்கினால் ஃப்ளைவீல் இல்லை.
அவனுக்குக் கேம் வேண்டும்.
"வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் ஆறாயிரத்துல வெடிச்சா
எங்கடா பறக்கும்?"
"பின்னாலக்கா."
"என் முதுகு எங்க இருக்குது?"
நாமே அலுமினியத்தில் கடைஞ்சுக்கலாம் என்றான்.
பேலன்ஸ் யாரு பாக்கறது என்றேன்.
தறிச்சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

ஃப்ளைவீல் வாங்கினோம். ராடு பழசு.
ஐயாயிரத்து ஐந்நூறுக்கு மேல் அது தாங்காது.
மீட்டருக்குப் பணமில்லை.
ஓட்டுவது நான்: நாற்பத்தாறு கிலோ.
காசு கொடுக்காமல் கிடைத்த ஒரே அப்கிரேடு.

காங்கேயம் பக்கம் கைவிட்ட கல்குவாரி.
ஆடி ஞாயிறு.
பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி வந்த காற்று
செம்மண்ணை அள்ளி எல்லார் பல்லிலும் வைத்தது.
பதினொரு சுற்று.
நான்காவதில் முன்னால் ஒரே ஒரு பச்சை பக்கி.
நேர்ப்பாதை. மிதித்தேன்.
முப்பது தறியில் எது நூல் அறுத்தது என்று
திரும்பாமலே சொல்லும் காது எனக்கு.
எஞ்சினின் குரல் ஓரிடத்தில் மெலிந்து
அடியில் ஒரு டிக், ஒரு டிக்.
பச்சை பக்கி கைக்கெட்டும் தூரத்தில்.
பைக்குள் ஒன்றுமில்லாத எடை உறுத்தியது.
எடைகள் கைவிரிக்குமே, அதேபோல
என் கால் தானாக மேலே வந்தது.

ஒன்பதாம் சுற்றில் பச்சையின் ராடு
கேஸைப் பொத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.
வெள்ளைப் பாறையில் கருப்பாய் நீள எண்ணெய்.
அதற்குள் வேறு இருவர் என்னைத் தாண்டியிருந்தார்கள்.
மூன்றாம் பரிசு, ஐந்து லிட்டர் குக்கர்.
"கால எடுத்தியா?"
"எடுத்தேன்."
பொங்கலூர் வரை அவன் வாய் திறக்கவில்லை.
குக்கர்தான் மடியில் கடகடத்தது.

திங்கட்கிழமை காலை
சின்ன வெங்காயக் காட்டிலிருந்து ஒருவர்
ஸ்ப்ரேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
"ஏனுங்க, கயிறு இழுத்தாப் போதும்,
பேய் புடிச்ச மாதிரி கத்துதுங்க."
அதே எஞ்சின். கவர்னரின் பல் மூன்று போயிருந்தது.
சட்டைப் பையிலிருந்ததைப் பெட்ரோலில் கழுவிப் பொருத்தினேன்.
"புதுசுங்களா அம்மிணி?"
"இல்லீங்க. எட்டு வாரமா லீவுல இருந்துச்சு."

கயிற்றை இழுத்தார்.
எஞ்சின் துள்ளியது, ஏறியது, அப்புறம்
ஒரு குரலில் வந்து உட்கார்ந்தது.
தறிச்சத்தத்துக்கு நடுவே எனக்கு அது தனியாகக் கேட்டது.
தம்பிக்கும் கேட்டிருக்கும்.
தலை நிமிரவில்லை.
ராடு விலையைக்
கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்தான்.