ஈரக் கணக்கு

கோண்டாவில். ஐப்பசி மழை விட்ட மறுநாள்.
வரதலிங்கத்தாரின் புகையிலைத் தறையில்
மண்வெட்டி இறங்கிய இடமெல்லாம்
சிவப்புக்குள் இன்னொரு சிவப்பு நெளிந்தது.
சதுர மீற்றருக்குப் பதினேழு நாக்கிளிப்புழு.
வரம்புக்கு அங்காலை, போன கிழமை
மருந்தடித்த பாத்தியில், ஒன்றுமில்லை.

எண்ணி எழுதுவது என் வேலை.
கம்பஸ் ஆய்வுகூடத்தில் பத்து வருசம்
புழுக்களைக் கீறியிருக்கிறேன்.
ஒவ்வொன்றின் உள்ளேயும் அதே அதிசயம்:
நன்னீரில் நீந்துகிற சீவனுக்குரிய சிறுநீரகம்.
உப்பைக் கஞ்சத்தனமாகப் பிடித்துக்கொண்டு
தண்ணீரை ஊதாரியாக வெளியே விடும்.
இதை வைத்துக்கொண்டு தரையில் பிழைக்க ஏலாது.
எத்தனையோ கோடி மாரிக்கு முன்னமே
காய்ந்து செத்திருக்க வேணும்.

சாகேல்லை.
உடம்பையும் பெரிசாய் மாத்தேல்லை.
மண்ணை மாத்தினது.

தின்று, துப்பி, துளைத்து,
சருகை இழுத்து வாசலை அடைத்து,
சளியால் சுவர் பூசி,
தண்ணீர் தங்கும் பருக்கையாய் நிலத்தை உருட்டினது.
குளத்தை விட்டு வந்ததெண்டு ஆர் சொன்னது?
குளத்தைத் தரைக்குள் கொண்டுவந்தது.
முட்டைக்கூடு கிழித்து வந்த குஞ்சுக்கு முதுசம்,
ஆரோ முன்கூட்டியே நனைத்து வைத்த இருட்டு.
ஆகவே அதுவும் மாறவேண்டி வரவில்லை.
அதன் பிள்ளையும்.
ஆனால் அந்த இருட்டை விட்டு
இனி ஒரு மத்தியானம்கூட அதற்கு இல்லை.

நிமிர்ந்தேன். இடுப்பு உளைந்தது.
எனக்கு ஐந்து மாதம்.
குழந்தைக்குப் பால்மா கரைக்கவும்
கிணற்றுத் தண்ணி வேண்டாம், யூரியா இறங்கியிருக்கு
எண்டு கிளினிக்கில் சொன்னவை.
ஆறில்லாத ஊர். சுண்ணாம்புக் கல்லை உடைத்து
கல்லுக்கடியில் இருந்த மழையை
எங்களுக்கு எடுத்துத் தந்தவர்கள்தான்
வெங்காயத்துக்கு மூட்டை மூட்டையாய் அதுவும் போட்டார்கள்.
ஒரு தலைமுறையில் ஒன்றும் தெரியாது,
புழு எழுதும் கணக்கு வேறை நீளம்.
ஆனாலும் உள்ளே இருப்பது
பிறக்க முன்னமே ஒரு கிணற்றுக்கு வாரிசு.

வரம்புக்கு அங்காலை எழுதினேன்: பூச்சியம்.
பிறகு, ஆரையும் கேளாமல்,
பதினேழில் நாலைப் பொறுக்கி
அந்தப் பாத்தியில் விட்டேன்.
கணக்குப் பிழை. எனக்கே தெரியும்.

கொப்பியை மூட முன்னம்
நாலும் தலை திருப்பி
வரம்பைப் பார்த்து ஊரத் தொடங்கியிருந்தன.